பழைய டிராக்டரைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

அறுபது எழுபது வயதான டிராக்டர் ஒன்றை வாங்கிச் சின்ன நிலத்தில் புல் வெட்ட, உழ, டிரெய்லர் இழுக்க வைத்துக்கொள்ளலாமா, வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது கேள்வி. தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கப் போகிற பெரும்பாலானோர் பானெட்டைத் திறந்து, என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டு, அதோடு முடிவெடுத்துவிடுகிறார்கள். பிரபலமான பழைய மாடல்களில் என்ஜின்தான் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய பகுதி. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றும் செட்டாகக் கிடைக்கின்றன. ஹைட்ராலிக், கியர் பாக்ஸ், பிரேக், பின் ஆக்சில், ரிம், டயர் ஆகியவற்றில்தான் பணமும் நாளும் போகும். அதனால் டிராக்டரின் பின்னால் போய் நின்று பார்க்கத் தொடங்குங்கள். என்ஜினைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் எந்த மாடல் என்பது. அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்டதை எடுங்கள். ஃபெர்குசன் டிஇ20, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஃபோர்டு 9என் 1939-இல் வந்தது. அதன் வழியில் 2என், பிறகு 1947 முதல் 1952 வரை 8என். மாஸி ஃபெர்குசன் 35, ஃபார்மால் எச் போன்றவையும் இந்த வரிசையில்தான் வரும். இவற்றுக்கு உதிரிபாகமும் சர்வீஸ் புத்தகமும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். அரிய கம்பெனி மாடல் பார்க்க அழகாக இருக்கும். ஒரு ஹைட்ராலிக் பம்ப் உடைந்தால் வருடக்கணக்கில் நிற்கும். முதல் டிராக்டருக்கு அது வேண்டாம்.

ஒரே பெயருக்குள்ளும் வித்தியாசம் உண்டு. டிஇ20 வரிசையில் டிஇஏ என்றால் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் பெட்ரோல் என்ஜின், டிஇடி என்றால் டிராக்டர் மண்ணெண்ணெய்க்கானது, டிஇஎஃப் என்றால் டீசல். மாஸி ஃபெர்குசன் 35-இல் முதலில் வந்த நான்கு சிலிண்டர் டீசல், குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் சோதிக்கும் என்று பெயரெடுத்தது. பின்னால் வந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் கம்பெனி என்ஜின் அந்தக் குறையே இல்லாதது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விற்பனைக்கு நின்றால் யோசிக்காமல் மூன்று சிலிண்டரை எடுக்கலாம். ஃபோர்டு என் வரிசையில் (9என், 2என், 8என்) சீரியல் எண் என்ஜின் பிளாக்கின் இடப்பக்கம் அடிக்கப்பட்டிருக்கும். 2என் வண்டிகளிலும் எண் 9என் என்றுதான் தொடங்கும். அதைப் பார்த்து ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஆனால் பிளாக் மாற்றப்பட்டிருந்தால் எண்ணும் கூடவே மாறிப்போயிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். உழைக்க வாங்குபவருக்கு இது பெரிய விஷயமில்லை. சேகரிக்க வாங்குபவருக்கு விலையே இதில்தான்.

பார்க்கப் போவதாகச் சொல்லும்போதே விற்பவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம். போனதும் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் பற்றி அன்றைக்கு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. இன்னொரு நாள் வாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் கூடுதல் கவனம் வேண்டும். கிரீஸ், மண் மேலேயே பெயின்ட் ஏறியிருக்கிறதா, ரப்பர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள், ஒயர் மேலெல்லாம் பெயின்ட் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அது விற்பதற்காக அடித்த பெயின்ட். எண்ணெய் கசிவையும் விரிசலையும் அது மறைத்திருக்கலாம். துருவும் எண்ணெய்க் கறையுமாக நிற்கும் வண்டியில் உண்மை கண்ணுக்குத் தெரியும். எனக்கு அதுவே மேல்.

இப்போது பின்பக்கம். ரிம்மில் வால்வு இருக்கும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். எடைக்காகப் பின் டயரில் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பும் வழக்கம் உண்டு. டியூபில் சின்னக் கசிவு வந்தாலும் அந்த உப்புநீர் ரிம்மை உள்ளிருந்து தின்றுவிடும். வெளியே கையகலத் துரு தெரிந்தால் உள்ளே சல்லடையாகியிருக்கும். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) உயரம் மட்டும் பார்த்தால் போதாது. பக்கச் சுவரில் நூல் தெரிகிற வெடிப்பு இருந்தால், பட்டன் எவ்வளவு நின்றாலும் அந்த டயர் அதிக நாள் வராது. இரண்டு பின் டயரும் இரண்டு ரிம்மும் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு விலை பேசப் போங்கள்.

அடுத்தது பிரேக். பின் ஆக்சில் ஆயில் சீல் தேய்ந்தால் எண்ணெய் நேராகப் பிரேக் டிரம்முக்குள் போகும். சக்கரத்தின் உள்பக்கத்தில் டிரம்மின் அடியில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தால் அதுதான் காரணம். எண்ணெய் குடித்த லைனிங் கழுவினாலும் திரும்பாது. சீலும் லைனிங்கும் சேர்த்து மாற்ற வேண்டும். மெல்ல ஓட்டியபடி இடது, வலது பிரேக்கைத் தனித்தனியாக மிதியுங்கள். அந்தந்தப் பக்கச் சக்கரம் நிற்க வேண்டும்.

பழைய டிராக்டரில் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது ஹைட்ராலிக்தான். டிஇ20-இலும் ஃபோர்டு என் வரிசையிலும் பம்ப், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பி.டி.ஓ. லீவரைப் போடாவிட்டால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் எழும்பாது. கிளட்ச்சை மிதித்தாலும் நின்றுவிடும். இது தெரியாமல் நல்ல வண்டியை "லிஃப்ட் போச்சு" என்று ஒதுக்குபவர்கள் உண்டு, தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்குபவர்களும் உண்டு. லீவரைப் போட்டு, கலப்பையோ வேறு பாரமோ மாட்டித் தூக்குங்கள். பாரமில்லாமல் லிஃப்ட் கைகளை மட்டும் தூக்கிக் காட்டுவது சோதனையே இல்லை. என்ஜின் அரை மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி தூக்குங்கள். குளிர்ந்த கெட்டி எண்ணெயில் தேய்மானம் தெரியாது; எண்ணெய் சூடாகி இளகியதும் பம்ப்பும் வால்வும் தங்கள் உண்மை நிலையைக் காட்டும்.

தூக்கிய பாரத்தோடு என்ஜினை ஓடவிட்டு, லிஃப்ட் கையின் நுனியைக் கவனியுங்கள். சில விநாடிக்கு ஒரு முறை கொஞ்சம் இறங்கி, வெடுக்கென்று எழும்புகிறதா? உள்ளே எண்ணெய் கசிகிறது, இறங்கியதைப் பம்ப் ஓடிவந்து சரிசெய்கிறது. லிஃப்ட் சிலிண்டர் பிஸ்டனின் சீல் அல்லது ரிங், கன்ட்ரோல் வால்வு, இரண்டில் ஒன்று தேய்ந்திருக்கிறது. என்ஜினை நிறுத்தியதும் பாரம் மெல்ல இறங்குவது இந்த வயதில் இயல்பு. அரை நிமிடத்தில் தரையைத் தொட்டால் ஹைட்ராலிக்கின் மேல் மூடியைக் கழற்ற வேண்டிய வேலை இருக்கிறது. அது செய்யக்கூடிய வேலைதான், ஆனால் மூடி கனம். தூக்கக் கப்பி வேண்டும். விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

டாப் லிங்க் (கருவியை மேலே பிடிக்கும் நடுக் கம்பி) மாட்டும் இடத்தில் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கும். இந்த லிஃப்ட்டை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசனின் முறையே அந்த ஸ்பிரிங்கில்தான் நிற்கிறது. கலப்பை ஆழமாகப் போகப்போக டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளும், ஸ்பிரிங் அமுங்கும், வால்வு திறந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். டாப் லிங்க்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் நுனியில் உள்ள கொக்கியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது, ஆனால் ஸ்பிரிங் விரலால் திருப்பினால் சுற்றும் அளவுக்கே இறுகியிருக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் உழும்போது ஆழம் ஒரே சீராக நிற்காது. பெரும்பாலும் இது திருகிச் சரிசெய்கிற கோளாறுதான். இதற்காக வண்டியை விட வேண்டாம்.

இந்த இரண்டு மாடலிலும் ஹைட்ராலிக்குக்கும் கியர் பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் ஒரே எண்ணெய். ஃபோர்டு 8என்-இல் அது சுமார் 19 லிட்டர். காலி செய்ய அடியில் மூன்று டிரெயின் பிளக் உண்டு, மூன்றையும் திறக்க வேண்டும். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து, வண்டி மழையில் நின்றால், தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கொஞ்ச நாள் நின்ற தண்ணீர் என்றால் எண்ணெய் மாற்றி, உறை மாற்றினால் தீர்ந்தது. குளிர்ப் பிரதேசத்தில் நின்ற வண்டி என்றால் அடியில் சேர்ந்த தண்ணீர் உறைந்து, விரிந்து, பம்ப்பின் அடிப்பகுதியையே உடைத்திருக்கலாம்.

கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாரத்தோடு ஓட்டுங்கள். ஏற்றத்திலும் இறக்கத்திலும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், பல் சக்கரமோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. ரிவர்ஸையும் மறக்காதீர்கள், லோடர் பூட்டி உழைத்த வண்டியில் முதலில் போவது அதுதான். அதோடு லோடர் பூட்டிய அடையாளம் இருந்தால் முன் ஆக்சிலின் நடு பின், கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), ஸ்டீயரிங் பாக்ஸ், என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் கூடு எல்லாவற்றிலும் வெல்டிங் தழும்பு தேடுங்கள். இந்த டிராக்டர்களுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்பதே முதுகெலும்பு. அதனால் வார்ப்பில் விரிசல் விழுந்தால் அது முழு வண்டியின் விரிசல். கிளட்ச் பிளேட் மாற்றவும் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருப்பதற்குக் காரணமும் இதுதான். கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க உயர்ந்த கியரில் ஏற்றத்தில் ஏறுங்கள். என்ஜின் வேகம் கூடி வண்டி வேகம் கூடாவிட்டால் பிளேட் முடிந்தது.

இனி என்ஜின். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், ஒரு இரவு நின்ற வண்டியில், விற்பவர் சம்மதித்தால், என்ஜின் ஆயில் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் தங்கும். முதலில் ஒரு சொட்டுத் தெளிந்த தண்ணீர் வந்து, பிறகு கறுப்பு எண்ணெய் வந்தால் ஹெட் கேஸ்கெட், லைனர் சீல், பிளாக் விரிசல், இவற்றில் ஏதோ ஒன்று. பிளாக்கின் பக்கவாட்டில், தண்ணீர் ஓடும் அறையின் நீளத்துக்குக் கிடைக்கோட்டில் ஓடும் விரிசலையும் தேடுங்கள். தண்ணீர் உறைந்து வெடித்த பிளாக் அப்படித்தான் பிளக்கும். பசை பூசிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். விரல் நகத்தால் வருடினால் மேடு தெரியும்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் புகை ஒரு நிமிடத்தில் தெளிந்தால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. என்ஜினுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் பிரீதர் குழாயில் கை வைத்தால் காற்று பலமாகத் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து என்ஜின்கள் தாழ்ந்த கம்ப்ரஷன் கொண்டவை. 90 முதல் 120 பி.எஸ்.ஐ. காட்டினாலே நல்லது. எண்ணைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் கிழிந்திருக்கிறது.

இறுகிப்போன என்ஜின் குறைந்த விலைக்கு வரும். பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் மேல் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, மேல் கியரில் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைப்பது வழக்கமான முறை. அந்தக் கலவை பட்டென்று தீப்பிடிக்கும், திறந்த வெளியில் செய்யுங்கள். இன்னொரு வண்டியால் இழுத்துச் சுற்றவைக்க மட்டும் முயலாதீர்கள். பிஸ்டன் விட்டுக்கொடுத்தாலும் வால்வு ஒட்டியிருக்கும். தள்ளு கம்பி வளையும் அல்லது வால்வு பிஸ்டனில் மோதும். பிஸ்டன் அசைந்த பிறகும் வால்வு மூடியைத் திறந்து, ஒவ்வொரு வால்வும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு செல்ஃப் போடுங்கள்.

ஃபோர்டு என் வரிசை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு சேரும்). "6 வோல்ட் இழுக்காது" என்ற புகார் பெரும்பாலும் ஒயரின் குறை. அதே சக்திக்கு 6 வோல்ட்டில் 12 வோல்ட்டைப்போல இரு மடங்கு கரன்ட் ஓட வேண்டும். காரில் இருந்து எடுத்த மெல்லிய பேட்டரி கேபிள் போட்டால் செல்ஃப் முனகத்தான் செய்யும். தடித்த கேபிள் போட்டு, எர்த் போல்ட் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கினாலே பாதி வண்டிகள் உயிர்பெறும். 12 வோல்ட்டுக்கு மாற்றுவதென்றால் ஆல்டர்னேட்டர் மட்டும் போட்டால் முடிந்துவிடாது: காயில், ரெசிஸ்டர், பல்பு, எர்த் திசை எல்லாம் மாற வேண்டும். பழைய செல்ஃப் மோட்டார் 12 வோல்ட் தாங்கும், தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல் இருந்தால். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளியும் ஒன்றல்ல. டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கும் என் வரிசை மாடலுக்கு 0.38 மில்லிமீட்டர், பக்கவாட்டில் இருக்கும் பிந்தைய 8என்-க்கு 0.64. ஒன்றின் அளவை மற்றதில் வைத்துவிட்டு நாள்கணக்கில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுபவர்கள் நிறைய.

வாங்கி வந்ததும், ஓட்டும் ஆசையை ஒரு வாரம் அடக்கிக்கொண்டு எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள். என்ஜின் சம்ப்பை (அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். அடியில் களிம்பு கெட்டியாக உட்கார்ந்திருக்கும். புதிய எண்ணெய் அதைக் கரைத்துக் கிளப்பிவிடும் என்பதால் முதல் இருபது மணி நேரத்தில் மறுபடி எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4 என்று குறித்த எண்ணெய்த் தரம் போதும். ஜி.எல்.5 எண்ணெய்கள் பலவற்றில் கந்தகச் சேர்மானம் அதிகம். பித்தளை, வெண்கல புஷ்களை அரிக்கும். டேங்க்கைக் கழற்றிக் கழுவி, அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தையும் வலையையும் சுத்தம் செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைக்கும், அதனால் ஹோஸ், கேஸ்கெட் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள்.

டீசல் வண்டியில் ஃபில்டர் மாற்றினால், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்; இதை ஏர் எடுப்பது என்பார்கள். டேங்க் டேப்பைத் திற, ஃபீட் பம்ப் லீவரைக் கையால் அடி, ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவில் நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை விடு, மூடு. பிறகு இன்ஜெக்ஷன் பம்ப்பின் ஸ்குரூ. கடைசியாக நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் போட்டு, டீசல் சொட்டியதும் இறுக்கு. வரிசை மாறினால் காற்று திரும்பப் போய்விடும். ஓடும் நாசிலுக்கு அருகில் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. மேனிஃபோல்டில் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) ஹீட்டர் இருக்கும் என்ஜினில், ஸ்டார்ட் ஆக உதவும் ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது, ஹீட்டர் சூட்டில் வெடிக்கும்.

பி.டி.ஓ.வில் இரண்டு விஷயம். டிஇ20, ஃபோர்டு 9என் ஷாஃப்ட் 1⅛ அங்குலம். இப்போதைய கருவிகள் 1⅜ அங்குலம், நிமிடத்துக்கு 540 சுற்று. ஸ்லீவ் போட்டுப் பொருத்தலாம். அதைவிட முக்கியமானது ஓவர்ரன் கப்ளர், அதாவது ஒரு திசையில் மட்டும் சக்தியைக் கடத்தும் இணைப்பு. இந்த வண்டிகளில் பி.டி.ஓ. கியர் பாக்ஸோடு சேர்ந்தே சுற்றும். புல் வெட்டும் கருவியின் கனமான பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கிளட்ச்சை மிதித்தால், அந்தப் பிளேடின் வேகம் பின்னிருந்து வண்டியைத் தள்ளும். கிளட்ச் மிதித்தும் வண்டி வேலியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கப்ளர் இல்லாமல் இந்தப் புல் வெட்டும் கருவியைப் பூட்டாதீர்கள்.

வேலைக்கு ஏற்ற எதிர்பார்ப்பும் வேண்டும். நான்கு கியர் மட்டுமுள்ள டிஇ20, 8என் இரண்டுக்கும் முதல் கியரே ரோட்டவேட்டருக்கு வேகம் அதிகம். அதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் தாழ்ந்த ரேஞ்சும் இரட்டை கிளட்ச்சும் உள்ள மாஸி ஃபெர்குசன் 35 தேடுங்கள். உழவு, டிரெய்லர், சின்ன புல்வெட்டி, மட்டம் போடும் பிளேடு, இவற்றுக்கு டிஇ20 தாராளம்.

இன்னொன்றில் சமரசம் கூடாது. இந்த வயது வண்டிகளில் உருண்டால் காக்கும் கம்பிச் சட்டம் கிடையாது. பொருத்தக் கிடைத்தால் பொருத்தி, சீட் பெல்ட்டோடு ஓட்டுங்கள். கம்பிச் சட்டம் இல்லாமல் பெல்ட் மட்டும் போட்டால் ஆபத்து கூடுதல். எதை இழுத்தாலும் டிராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுப்புக் கம்பி) மட்டும் கட்டுங்கள். டாப் லிங்க் இடத்திலோ ஆக்சிலுக்கு மேலேயோ சங்கிலி கட்டினால் முன் சக்கரம் எழும்பி வண்டி பின்னால் கவிழும். இரண்டு விநாடி கூட ஆகாது, குதிக்க நேரமில்லை. செல்ஃப் வேலை செய்யவில்லை என்று கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரால் முனைகளை இணைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பல உயிர்களை எடுத்திருக்கிறது. டிஇ20-இல் கியர் லீவரை ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளினால்தான் செல்ஃப் சுற்றும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் காப்பது அந்த அமைப்பு. யாராவது அதைத் தவிர்த்துத் தனி பட்டன் போட்டிருந்தால் திரும்பப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்தும்போது லிஃப்ட்டை இறக்கிவிடுங்கள், பெட்ரோல் டேப்பை மூடி கார்புரேட்டரைக் காலியாக ஓட்டுங்கள், சைலன்சர் வாயைக் கவிழ்த்த டப்பாவால் மூடுங்கள். கிளட்ச் பெடலை அமுக்கி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பிளேட் ஃபிளைவீலில் துருவோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடி எடுக்கும்போது வண்டியை இரண்டாகப் பிரிக்க நேரும்.